மாடு கூறியது: புல்

நாரைப்பட்டு மாட்டாஸ்பத்திரி மெஷின், ஆள் சொன்னதை விட்டுவிட்டு மாடு சொன்னதைச் சொன்ன முதல் நாளில், வரிசையில் நின்றிருந்த யாரும் வாயைப் பிளக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வரவில்லை. எல்லாரும் செய்தது ஒன்றுதான், அவரவர் கையில் இருந்த கயிற்றைக் கொஞ்சம் கிட்டே இழுத்து அவரவர் மாட்டின் முகத்தைப் பார்த்தார்கள், இது என்னத்தைச் சொல்லி வைக்கப் போகிறதோ என்று.

நான் அதை எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற டீக்கடை எங்களுடையது. நான் மோனிஷா, ஏகாம்பரம் மகள், பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கதை எதுவும் இல்லை. பிடிக்கவில்லை, நின்றேன், கடையில் டம்ளர் கழுவுகிறேன். இதுவும் பிடிக்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சிலேட்டு அளவு டேப். எங்கள் டாக்டரம்மா தஸ்லிமா ஒருத்தரே சுற்றுப்பட்டு ஊர் மாடு, ஆடு, கோழி அத்தனைக்கும் பார்க்க வேண்டியிருந்ததால், செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி மேலிடத்தில் இருந்து கொடுத்தார்கள். மாட்டைக் கூட்டிவந்தவர் புலம்புவதை எல்லாம் அது கேட்கும், கேட்டதை ஒழுங்குபடுத்தித் திரும்பச் சொல்லும், சரிதானா என்று கேட்கும், இன்ன நோயாக இருக்கலாம் என்று நாலைந்து பெயர் சொல்லும், எடையைச் சொன்னால் மருந்தளவைச் சொல்லும். பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரம் அறிவிக்கிற பெண் குரல். "நீங்கள் கூறியது: பசு, ஐந்து வயது, நேற்றிலிருந்து தீவனம் எடுக்கவில்லை. சரியா?" என்று அது கேட்கும். எங்கள் ஊர்க்காரர்கள் தோளில் இருக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்பார்கள்.

நேற்றிலிருந்து என்பது எங்கள் ஊர்ப் பொய். கண் பீளை தள்ளி ஈ மொய்க்கிற ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து "நேத்துலேர்ந்துதான் மேடம்" என்பார்கள். கொம்பு முறிந்து புழு வைத்த காளையை இழுத்து வந்து "நேத்துலேர்ந்துதான்" என்பார்கள். எங்கள் ஊரில் எந்த நோயும் நேற்றைக்கு முன்னால் வந்ததே கிடையாது.

கன்னியப்பன் வந்ததும் அப்படித்தான். பின்னங்கால் வீங்கின உழவு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சேத்துல வழுக்கி உழுந்துடிச்சி மேடம். நேத்துதான்."

மெஷின் வழக்கம்போல ஒரு மூச்சு விட்டு எடுத்துச் சொன்னது. "மாடு கூறியது: நான் விழவில்லை. ரப்பர் குழாயால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் தன் மருமகன் பெயரைச் சொல்லி அடித்தார். ஒன்பது நாள் ஆகிறது. சரியா?"

"சரிங்க மேடம்" என்றார் கன்னியப்பன், பழக்கதோஷத்தில்.

டாக்டரம்மா குனிந்து வீக்கத்தை அழுத்தினார். சீழின் நிறத்தைப் பார்த்தார். ஒன்பது நாள் இருக்கும்தான் என்று தோன்றியிருக்க வேண்டும், ஊசி எடுத்தார். மத்தியானம் மேலிடத்துக்குப் போன் போட்டார். அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார்கள். அணைத்துவிட்டுப் போட்டார். அடுத்து வந்த ஆடும் சொன்னது. மறுபடி போன் போட்டதற்கு, வைத்தியத்துக்கு உதவியாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உதவியாகத்தான் இருந்தது. நாலு நாளில் சாக வேண்டிய கன்றுக்குட்டி எல்லாம் பிழைத்தது, ஏனென்றால் எத்தனை நாள், என்ன கொடுத்தார்கள், எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டது. அதனால் மெஷின் அங்கேயே இருந்தது, ஊரும் அதற்கு ஏற்ற மாதிரித் தன்னை மாற்றிக்கொண்டது.

எப்படி மாற்றிக்கொண்டது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முதல் நாள் சாயங்காலம் மாட்டுக்கு வாழைப்பழம் ஊட்டுவார்கள், கழுத்தைத் தடவுவார்கள், புதுக்கயிறு மாற்றுவார்கள். வழியில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, நடந்தது நடந்துபோச்சு, மனசுல வெச்சிக்காத என்பார்கள். சிலபேர் தாங்கள் போகாமல் பெண்டாட்டியை அனுப்பினார்கள், பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல இருந்த மாட்டைப் புருஷன் ஓட்டிப் போனான். ஒருத்தர் மாட்டின் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார், அது கட்டின வாயோடேயே எல்லாவற்றையும் சொன்னது, துண்டு அழுக்காக இருக்கிறது என்பதையும் சேர்த்து. கோழிகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்கு ஞாபகம் நிற்காது என்றார் டாக்டரம்மா.

தேவகியக்காவின் மாடு சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த மாட்டின் கன்று பிறந்த சில நாளிலேயே செத்துவிட்டது. கன்று இல்லாமல் மாடு பால் விடாது என்று அதன் தோலை உரித்து உள்ளே வைக்கோல் அடைத்து, கறக்கிற நேரத்தில் மூக்குக்கு எதிரே நிறுத்துவார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தேவகியக்கா மடி வீக்கத்துக்காக மாட்டைக் கூட்டி வந்தது. மெஷின் சொன்னது: "மாடு கூறியது: கன்று செத்தது எனக்குத் தெரியும். எதிரே நிற்பது வைக்கோல் என்றும் தெரியும். அந்த அம்மாள் தினமும் அதைத் தூக்கி வந்து நிறுத்துகிறார். அவர் மனம் நோகக் கூடாது என்று நக்கிக் கொடுக்கிறேன். இடது முன்காம்பு வலிக்கிறது. சரியா?"

தேவகியக்கா சரி என்று சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. வரிசையில் நின்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

என் அப்பா பேசினார். அதுதான் பிரச்சினை.

ஏகாம்பரம் டீக்கடையில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியில் மெஷின் சொல்கிற ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும். அப்பா பாலை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே கேட்பார், கேட்டதை அடுத்து வருகிறவரிடம் விற்பார், டீயோடு சேர்த்து. கன்னியப்பன் வந்தால் "வா கன்னியப்பா, மருமவன் சௌக்கியமா? ரப்பர் கொயா சௌக்கியமா?" என்பார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள், அவர்கள் முறை வருகிற வரைக்கும். மெஷின் குரல் அப்பாவுக்கு வராது. எனக்கு வரும். "மே மோனி, உடு ஒரு தபா" என்பார். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மூக்கை லேசாக அழுத்தி, "மாடு கூறியது" என்று ஆரம்பிப்பேன். ரொம்ப நன்றாக வரும். மெஷினே தோற்றுப்போகும். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை எதற்காகவும் கை தட்டினது இல்லை, இங்கே தட்டினார்கள்.

தேவகியக்கா வந்தபோதும் செய்தேன். அதன் மகன் துபாய்க்குப் போய் வருஷக்கணக்கில் வரவில்லை, போனும் இல்லை. அப்பா டீயை நீட்டிக்கொண்டே சொன்னார், "ஏன் தேவகி, ஒம் புள்ளையும் வர்ற மாதிரி தெரில. வைக்கோல்ல ஒண்ணு செஞ்சி வெச்சிக்கயேன். நக்கிக் குடுக்கலாம்."

யாரோ ஒருத்தர் சிரித்தார். தேவகியக்கா பாதி டீயோடு டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கயுவு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. நான் கழுவினேன். அதற்குப் பிறகு அது எங்கள் கடைக்கு வரவில்லை. கன்னியப்பன் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக யார் யார் மாடு பேசியதோ அவர்கள் எல்லாரும் பஸ் ஸ்டாப் கடைக்கு மாறினார்கள். அப்பா அதை வெயில் காலம் என்றார்.

எங்கள் மாட்டின் பெயர் சுட்டி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும். கடைக்குப் பால் அதனுடையதுதான், எங்கள் வீடு அதன் மடியில்தான் ஓடுகிறது. அதற்கு அதுவரை ஒரு தும்மல் கூட வந்தது கிடையாது. "எம் மாட்ட நிறுத்திக் கேக்கச் சொல்லு. ஒரு கொற சொல்லட்டும், கடைய மூடிடறேன்" என்று அப்பா சவால் விடுவார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் கட்டிடம், முன்னால் இரும்பு கேட்டு. அப்பா ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார், கன்னியப்பன் வீட்டில், தேவகியக்கா வீட்டில், யாரையும் விடவில்லை. கேலி என்பது கேலி, விசேஷம் என்பது விசேஷம், அவர் நினைப்பு அப்படி. எல்லாரும் குங்குமம் எடுத்துக்கொண்டு "வந்துடறோம்ணே" என்றார்கள். டாக்டரம்மா மட்டும், அன்றைக்கு வாணியம்பாடிக்குப் போகிறேன், வர முடியாது என்று நேராகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோமம் முடிந்தது. அண்டா அண்டாவாகச் சோறு, சாம்பார், ரசம், வடை, பாயசம். பந்தல்காரர் நாற்காலி போட்டார். இலை போட்டோம், தண்ணீர் தெளித்தோம். யாரும் வரவில்லை. முதலில் வெயில் ஏறட்டும் என்று இருக்கிறார்கள் என்றோம், அப்புறம் வெயில் இறங்கட்டும் என்று இருக்கிறார்கள் என்றோம். ஆரணியில் இருந்து வந்த என் மாமா குடும்பம் சாப்பிட்டது, ஐயர் வாழைக்காயும் அரிசியும் வாங்கிக்கொண்டு போனார், சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு அண்டாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தெளித்த தண்ணீர் இலையில் காய்ந்தது, அம்மா மறுபடி தெளித்தாள், மறுபடி காய்ந்தது. கேட்டுக்கு வெளியே தெருவில் ஆட்கள் போனார்கள் வந்தார்கள். ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஆரணியில ஆதரவில்லாத பசங்க ஆசிரமம் கீது, அங்க குடுத்துடலாம்" என்றாள் அம்மா. அமுலு என்று அவளுக்குப் பெயர், அவள் சொல்வதை எங்கள் வீட்டில் கடைசியில்தான் கேட்போம்.

"அண்டாவ வண்டில ஏத்துனா தெரு பாக்கும்" என்றார் அப்பா.

"பாத்தா இன்னா?"

"இன்னாவா? எத்தினி அண்டா மிச்சம்னு எண்ணுவானுங்க."

கேட்டைச் சாத்தினார். பின்பக்கம் போய் வாளி வாளியாகச் சோற்றை அள்ளித் தொட்டியில் கொட்டினார். மாட்டுக்கு விருந்துச் சோறு விஷம், வயிற்றில் புளித்துப் பொங்கி ஆளைக் கொல்கிற மாதிரிக் கொல்லும் என்று கல்யாண மாசம் வந்தால் டாக்டரம்மா கத்திக்கொண்டே இருப்பார். அப்பாவே அதை டீ ஆற்றிக்கொண்டு பத்துப்பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் கை நிற்கவில்லை. நானும் ஒரு வாளி கொட்டினேன். சுட்டி சந்தோஷமாகத் தின்றது, நடுநடுவே தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, பாயசம் ஊற்றினோம், அதையும் குடித்தது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஊரில் இருந்து வந்து வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஆள் அதுதான்.

மறுநாள் அது எழுந்து நிற்கும்போது இடதுபக்க வயிறு பானை மாதிரி இருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம் கஞ்சித் தண்ணியாகப் போனது, புளித்த மாவு வாடை. அம்மா கயிற்றை அவிழ்க்கப் போனாள், அப்பா பிடுங்கிக்கொண்டார். வெற்றிலை, ஓமம், விளக்கெண்ணெய், எதை எதையோ வாயில் ஊற்றினார்.

"எதிர்க்கவே ஆஸ்பத்திரி. இட்டுனு போய்யா."

"வரிசையில மொத்த ஊரும் நிக்கும். மெஷினு அவுங்க முன்னாடி சொல்லும். இன்னான்னு சொல்லும் தெரியுமா? யாருமே வரலன்னு சொல்லும்."

"அது செத்துப்பூடும்யா."

அப்பா கடையைத் திறக்கப் போனார். அந்த நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்கு எதிரே உட்கார்ந்து பாக்கெட் பாலில் டீ போட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா ஒரு மாட்டைச் சாக விடுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்கு விட்டுக்கொண்டிருந்தார், நானும் எதிரே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் சுட்டியின் கண் உள்ளே போயிருந்தது, காது சில்லென்று இருந்தது, நடந்தால் குடித்தவன் மாதிரி ஆடியது. எனக்குப் பொறுமை இல்லை, அவிழ்த்துவிட்டேன். அதுவாகத்தான் நடந்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம். பின்னால் ஓடிவந்த அப்பா தடுக்கவில்லை. அதன் காதுக்குக் கிட்டே வாயை வைத்து, "சொல்லிடாத. எஞ் சாமி இல்ல. சொல்லிடாத" என்றார். நானும் கேட்டேன், அம்மாவும் கேட்டாள். இரண்டு பேரும் கேட்காத மாதிரி நடந்தோம்.

வரிசை எங்களைப் பார்த்ததும் தானாக விலகி வழிவிட்டது. கன்னியப்பன் இருந்தார், தேவகியக்கா இருந்தது, யார் வீட்டுக்கு எல்லாம் பத்திரிகை வைத்தோமோ அவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இவ்வளவு நாள் இதற்காகத்தானே காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், உடம்புச் சூடு பார்த்தார், சாணத்தை மோந்தார், பார்த்ததை மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார். "ஏகாம்பரம், வீட்ல விசேஷம் நடந்துச்சே. சோறு கீறு மிஞ்சிப் போட்டீங்களா?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "எங்க மேடம் மிஞ்சறது? கூட்டம்னா கூட்டம், அப்படியாப்பட்ட கூட்டம். பந்தி மேல பந்தி. கடைசியில எங்களுக்கே சோறு இல்ல, ஓட்டல்ல வாங்கித் துன்னோம். இது எப்பவும்போலப் புல்லுதான் துன்னுச்சி. நேத்துலேர்ந்துதான் இப்டி."

அந்தக் கூட்டமாக இருந்திருக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லை. கன்னியப்பன் துண்டை எடுத்து முகம் துடைத்தார். எல்லார் கண்ணும் மெஷின் மேல் இருந்தது.

மெஷின் மூச்சு விட்டது. "மாடு கூறியது: புல். சரியா?"

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. நாரைப்பட்டில் எந்த மாடும் அதுவரை பொய் சொன்னதில்லை. சுட்டி சொன்னது. நாக்கு வறண்டு கால் நடுங்கி நின்றுகொண்டு, அப்பா காதில் கேட்டுக்கொண்டபடியே சொன்னது.

"சரிங்க மேடம்" என்றார் அப்பா. அவர் தோள் இறங்கியது, மூச்சு வந்தது, முகத்தில் ரத்தம் வந்தது. பிழைத்துக்கொண்ட முகம். சாகப்போகிற மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பிழைத்துக்கொண்டார்.

"மாடே சொல்லிடுச்சி, அப்பறம் இன்னா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா வெறும் வாயு உப்பிசத்துக்கு எண்ணெய் எடுக்கத் திரும்பினார். மெஷின் மறுபடி பேசியது. "கவனிக்கவும். சாணத்தின் புளிப்பும் உடல் வெப்பம் குறைந்திருப்பதும் புல்லுடன் பொருந்தவில்லை. தீவனத்தைப் பற்றி மறுபடியும் கேட்கவும்."

டாக்டரம்மா எண்ணெயைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "புல்லுதான் மேடம்." மாட்டைப் பார்த்துக் கேட்டார். "மாடு கூறியது: புல்." அதைச் சொல்லி முடிக்கும்போது சுட்டியின் முன்னங்கால் மடிந்தது. தரையில் உட்கார்ந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டது.

நான் உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. சொன்னால் அப்பா செத்தார், சொல்லாவிட்டால் சுட்டி செத்தது, இரண்டையும் நான் மனசுக்குள் தராசில் வைத்துப் பார்த்தேன், அப்படிப் பார்க்க எனக்கு நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க அது வலியோடு கிடந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவரிடம் நான் அதுவரை பார்க்காத பார்வை, கெஞ்சல்.

"சோறு" என்றேன்.

மெஷின் குரலில் இல்லை. என் குரலில்தான் வந்தது, அது அவ்வளவு நன்றாக வரவில்லை, உடைந்து வந்தது. "விசேஷத்துச் சோறு டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம. அண்டா அண்டாவா. பாயசமும் ஊத்துனோம். நானும் ஊத்துனேன். யாருமே வரல. ஒருத்தரும் வரல. அத்த வெளியில காட்டக் கூடாதுன்னு இதுக்குப் போட்டோம்."

"இதைக் கூறியவர் யார்?" என்று கேட்டது மெஷின்.

"மோனிஷா. ஏகாம்பரம் பொண்ணு."

அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. "எடை நானூறு கிலோ போடு" என்றார். மெஷின் சமையல் சோடா அளவு சொன்னது, குளுக்கோஸ் அளவு சொன்னது, வயிற்றுக்குள் குழாய் விட்டு வெந்நீரால் கழுவி வெளியே எடுக்க வேண்டும் என்றது. "சோடா அவ்ளோ இங்க இல்ல. கடையில வாங்கிட்டு வாங்க. அப்பறம், என் டியூப் சின்னது, சோறு அடைச்சிக்கும். பெருசா, மழமழன்னு ஒரு ரப்பர் குழாய் வேணும், யார்கிட்டயாவது இருக்கா?"

யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கன்னியப்பன் தன் மாட்டின் கயிற்றைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது துண்டுக்குள் எதையோ சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். குனிந்துகொண்டே டாக்டரம்மாவிடம் நீட்டினார். "கயுவிட்டேன் மேடம்" என்றார்.

அந்தக் குழாய்தான் சுட்டியின் வாய் வழியாக வயிற்றுக்குள் போனது. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் புனலில் வெந்நீர் ஊற்றினேன், டாக்டரம்மா குழாயை இறக்கியபோது எங்கள் கிரகப்பிரவேசச் சோறு திமுதிமுவென்று ஆஸ்பத்திரித் தரையில் வந்து கொட்டியது. மறுபடி தண்ணீர், மறுபடி சோறு. வெள்ளையாக, புளித்துப்போய், பருக்கை பருக்கையாக. அது பரவப் பரவ ஆட்கள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் போகவில்லை; பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டிய அத்தனை பேரும் வட்டமாக நின்று, தங்களுக்காக வடித்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராகப் போனார்கள், ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். ஆளுக்கு ஒரு ஆப்ப சோடாப் பாக்கெட், கையில் மூடி, விசேஷ வீட்டில் கவர் வைக்கிற மாதிரி என் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மாட்டுக்கு அத்தனை தேவையே இல்லை. தேவகியக்கா பாக்கெட்டோடு விளக்குமாறும் கொண்டுவந்திருந்தது. சோற்றைக் கூட்டித் தள்ளியது.

"நான் கூட்டறேங்கா" என்றேன்.

"நீ தண்ணி ஊத்து கண்ணு" என்றது.

சுட்டி சாயங்காலம் எழுந்து நின்றது. பால் வற்றிவிட்டது, அது வேறு.

அதற்கப்புறம்தான் எங்கள் ஊர் மாடுகள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்தன. சுட்டியிடம் கற்றுக்கொண்டனவா, குழாய் வழியாகச் சோறு வந்ததைப் பார்த்து நின்ற மாடுகள் மேய்ச்சலில் மற்றவற்றுக்குச் சொன்னனவா, தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும், "மாடு கூறியது: நானே வழுக்கி விழுந்தேன். நேற்றிலிருந்துதான்." "ஆடு கூறியது: நேரத்துக்குத் தீவனம் வைக்கிறார்கள். குறை ஒன்றுமில்லை." கன்னியப்பனின் மாடு, கால் ஆறிப்போன பிறகும், மருமகன் மிகவும் நல்லவர் என்று கேட்காமலே சொன்னது. மேலிடத்தில் இருந்து ஆள் வந்து பார்த்து, இப்போது சரியாகிவிட்டது, மாட்டுக்காரர் சொல்வதைத்தான் மெஷின் சொல்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அதனால் இப்போது வரிசையில் கேட்கிற பேச்சு எல்லாம் வேறு மாதிரி. "இல்ல மேடம், அது பொய் சொல்லுது, பத்து நாளா கண்டுக்காம வுட்டுட்டேன்." "அடிச்சது நாந்தான், அது சொல்றத நம்பாதீங்க." தேவகியக்கா ஒருநாள் டேப் கிட்டே போய், அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வைக்கோல எடுத்துப் போட்டுட்டேன்னு அதுகிட்ட சொல்லும்மா" என்றது.

என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடையைத் திறந்தார், டீ ஆற்றினார், யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆட்கள் மெதுவாகத் திரும்ப வந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். என்னைக் குரல் விடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை, கேட்டாலும் எனக்கு அது இப்போது வராது. அன்றைக்கு நான் பேசினதைப் பற்றி எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

போன வாரம் சுட்டியைச் சினைக்குப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அப்பாவே ஓட்டிப் போனார். நான் கடையில் இருந்து பார்த்தேன். டாக்டரம்மா பழைய விவரத்தைத் திறந்தார், மெஷின் வழக்கப்படி முதலில் இருந்து ஆரம்பித்தது.

"முந்தைய நோயின்போது மாடு கூறியது: புல். சரியா?"

சரிங்க மேடம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். "சோறு. நாந்தான் போட்டேன்."

மெஷின் மூச்சு விட்டது. "மாடு கூறியது: புல்."

"சோறுங்க மேடம். நாந்தான்."

"மாடு கூறியது: புல்."

"போதும் சுட்டி" என்றார் அப்பா. குரல் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. "போதும் தாயே. சொல்லிடு."

சுட்டி கழுத்தை நீட்டி, அவர் கக்கத்தில் இருந்த துண்டின் நுனியை நக்கியது.

"மாடு கூறியது: புல்."

நான் டம்ளர் கழுவத் திரும்பிக்கொண்டேன். எல்லாம் ஏற்கெனவே கழுவினதுதான். மறுபடி கழுவினேன்.